ஓசை ஒன்று, சரக்கு வேறு

பலசரக்குத் தொழிலில் இருக்கும் நாம் பேரம் பேசுவது தமிழில். விலை முடிப்பது தமிழில். மூட்டை இறக்கும்போது சத்தம் போடுவதும் தமிழில்தான். ஆனால் அதே சரக்குக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. பில், லாரி ரசீது, இ-வே பில், வங்கி மெமோ எல்லாம் ஆங்கிலம். கடையில் எழுதுகிற பையன் பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவனாக இருப்பான். முதலாளியும் பெரும்பாலும் அப்படித்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மாதிரி ஒலிக்கிற சில ஆங்கிலச் சொற்கள் நம் தொழிலில் செய்கிற குழப்பத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது இலக்கணத்துக்காக அல்ல, பணத்துக்காக.

முன்பெல்லாம் கையால் பில் எழுதிய காலத்தில் 'கொப்பரை 40 மூட்டை' என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். இப்போது கம்ப்யூட்டரில் மூன்று எழுத்துத் தட்டினால் சரக்குப் பட்டியல் தானே விழுகிறது. ஜி-ஐ-என் என்று தட்டிப் பாருங்கள். ஜிஞ்சர் வரும், ஜிஞ்சலியும் வரும். ஒன்று இஞ்சி, மற்றது எள். எஃப்-இ-என் தட்டினால் சோம்பும் வெந்தயமும் வரும். அவசரத்தில் மேலே இருப்பதைத் தொட்டுவிட்டால் பேர் மட்டும் மாறுவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எச்.எஸ்.என். எண்ணும் மாறிவிடுகிறது. சில சரக்குகளில் வரியும் மாறும்.

இதில் சட்டம் எதை மன்னிக்கிறது, எதை மன்னிப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன் எண் 64. சரக்கோடு பில்லும் இ-வே பில்லும் இருந்து, அதில் சிறு பிழை மட்டும் இருந்தால் வண்டியைப் பிடித்து வைத்து 129-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொன்ன அறிக்கை அது. அனுப்புபவர், பெறுபவர் பெயரில் எழுத்துப் பிழை இருந்து ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்தால் அது சிறு பிழை. வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தாலும் அப்படியே. இவற்றுக்கு மத்திய வரிச் சட்டத்தில் 500, மாநில வரிச் சட்டத்தில் 500 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடலாம். வெளி மாநிலச் சரக்கானால் 1,000 ரூபாய்.

எச்.எஸ்.என். எண்ணுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் சரியாக இருக்க வேண்டும். வரி விகிதமும் சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிற இலக்கங்களில் தவறு இருந்தால்தான் சிறு பிழை. முதல் இரண்டு இலக்கம் என்பது அத்தியாய எண். சரக்கு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அதுதான் சொல்கிறது. ஆகவே சொல்லைத் தப்பாக எழுதுவது ஒன்று, தப்பான சொல்லைச் சரியாக எழுதுவது வேறொன்று. பின்னதுதான் நமக்கு ஆபத்து.

சோம்பு, வெந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபென்னல் 0909, ஃபெனுகிரீக் 0910. இரண்டும் 09-ஆம் அத்தியாயம். மாறிப்போனாலும் சமாளிக்க வழியுண்டு. எள்ளும் இஞ்சியும் அப்படியில்லை. எள் 1207, இஞ்சி, சுக்கு இரண்டும் 0910. இந்த ஜிஞ்சலி என்ற சொல்லில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அது பெரும்பாலும் நம் தென்னிந்தியப் பக்கத்தில் வழங்குகிற சொல். போர்ச்சுக்கீசியர் மூலமாக வந்தது, அவர்களுக்கு அரபியிலிருந்து கிடைத்தது என்பார்கள். வடக்கே 'தில்' என்றால்தான் புரியும், வெளிநாட்டில் 'செசமி' என்றால்தான் புரியும். குஜராத்தில் எள் வாங்கும்போது ஜிஞ்சலி என்று எழுதி அனுப்பினால் அங்கிருப்பவர் ஜிஞ்சர் என்று படித்துக்கொள்ள இடம் இருக்கிறது. செசமி என்று எழுதுவதே நல்லது. ஜிஞ்சர் என்ற சொல்லுக்கு மூலம் நம் இஞ்சிவேர்தான் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். நம்மிடமிருந்து போன சொல் திரும்பி வந்து நம்மையே குழப்புகிறது!

கொப்பரைக்கு வருவோம். இதுவும் மலையாளக் கொப்பரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்லே. 'கோப்ரா' என்று நாம் சொல்கிறோம். நல்ல பாம்புக்கும் ஆங்கிலத்தில் கோப்ராதான் என்று நம் காதுக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்து வித்தியாசம். கொப்பரையில் வருவது பேப்பர் என்ற சொல்லின் முதல் எழுத்து. பாம்பில் வருவது பஸ் என்ற சொல்லின் முதல் எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான் இருக்கிறது. நாம் மேலே எழுதிக் காட்டியதையே பாருங்கள். எழுத்தைப் பெயர் சொல்லி விளக்கலாம் என்றால் அந்த எழுத்துகளின் பெயரும் 'பி' என்றே வருகிறது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்திலிருந்து வருகிற சீட்டுகளில் பாம்பு ஏறி வருவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். லாரி செட்டில் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எண் 1203 என்று சரியாக இருக்கும்வரை சிரிப்போடு போகும். இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போது சரக்கின் பேர் பாலிசியில் ஒன்றும் ரசீதில் ஒன்றுமாக இருந்தால் சர்வேயர் சிரிக்க மாட்டார்.

இதே 'ப' குழப்பம் பேக்கிங் என்ற சொல்லிலும் உண்டு. கேக் சுடுவதும் பேக்கிங், கட்டுக் கட்டுவதும் பேக்கிங். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது அதன் பின்னால் வருகிற சோடா. பேக்கிங் சோடா என்பது ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடர் அதுவல்ல. அந்தச் சோடாவோடு ஒரு புளிப்பு உப்பும் கொஞ்சம் மாவும் கலந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் பேக்கரிக்காரர் மாவு வீணாயிற்று என்று சண்டைக்கு வருவார். வாஷிங் சோடா வேறு. அது சோடியம் கார்பனேட், துணிக்கு உரியது. காஸ்டிக் சோடாவோ தோலையே அரித்துவிடும். நான்கையும் வெள்ளைத் தூளாக ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டு, 'சோடா கால் கிலோ' என்று கேட்டவருக்குப் பையன் கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. தின்கிற சோடாவை ஒரு பக்கமும் துவைக்கிற சோடாவை வேறு பக்கமும் வைத்து, டப்பாவின் மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

மேஸ், மெய்ஸ். இது மசாலா வியாபாரிகளுக்கும் தீவன வியாபாரிகளுக்கும் உரியது. மேஸ் என்றால் ஜாதிபத்திரி. ஜாதிக்காயைச் சுற்றிச் செந்நிற வலைபோல ஒட்டியிருப்பதை உரித்துக் காயவைத்தால் ஜாதிபத்திரி. ஒரே பழத்தில் இரண்டு சரக்கு. அதில் பத்திரி குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் விலையும் அதிகம். கேரளத்திலும் நம் கன்னியாகுமரி, ஆனைமலைப் பக்கத்திலும் விளைகிறது. மெய்ஸ் என்றால் மக்காச்சோளம். பெரம்பலூரில் விளைந்து நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போகிற சரக்கு. ஒன்று கிலோக் கணக்கில் விலை பேசுவது, மற்றது குவிண்டால் கணக்கில். ஜாதிபத்திரி 0908, மக்காச்சோளம் 1005. எழுத்தில் பார்த்தால், மக்காச்சோளத்தில் 'ஐ' உண்டு, 'இசட்' உண்டு. ஜாதிபத்திரியில் இரண்டும் இல்லை.

மக்காச்சோளத்தையே கார்ன் என்றும் எழுதுகிறார்கள். அது அமெரிக்க வழக்கு. பழைய இங்கிலாந்து வழக்கில் கார்ன் என்றால் எந்தத் தானியமும் ஆகும். நம் கடைகளில் கார்ன் ஃப்ளோர் என்று விற்கிற வெள்ளைத் தூள் பெரும்பாலும் மாவே அல்ல, ஸ்டார்ச். அதன் எண் 1108. சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு 1102.

ஃப்ளோர் என்றதும் பூ நினைவுக்கு வரும். மாவும் பூவும் ஆங்கிலத்தில் உச்சரிப்பில் ஒன்றே. ஆதியில் சொல்லும் ஒன்றுதான். அரைத்ததில் மேலான பகுதியைப் 'பூ' என்று சொல்லி, அதுவே மாவுக்குப் பெயராகிவிட்டது. எழுத்து பின்னால் பிரிந்தது. மாவுக்கு 'யு', பூவுக்கு 'டபிள்யு'. மைதா மூட்டைக்கு 'டபிள்யு' போட்டு வருகிற பில்லை எல்லோரும் பார்த்திருப்போம். கோதுமை மாவு 1101, பறித்த பூ 0603.

சி-ஏ-எஸ் என்று தட்டினால் வருகிற கூட்டம் பெரியது. கேஷ்யூ என்பது முந்திரி, 0801. கேஸியா என்பது பட்டை, 0906. நாம் பட்டை என்று விற்பதில் பெரும்பகுதி இந்தக் கேஸியாதான். மெல்லிய சுருளாக இலங்கையிலிருந்து வருகிற உண்மையான இலவங்கப்பட்டைக்குச் சின்னமன் என்று பெயர். இரண்டும் ஒரே எண்ணில் அடங்கும், விலையில் அடங்காது. ஆவாரைக்கும் தகரைக்கும்கூட தாவர நூல்களில் கேஸியா என்ற பெயர் வழங்கியிருக்கிறது. நாட்டு மருந்துச் சரக்கு வாங்குபவர்கள் வெறும் கேஸியா என்று ஆர்டர் போடாமல் பட்டையா, விதையா, பூவா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கேஸ்டர் என்றால் ஆமணக்கு, 1207. ஆனால் கேஸ்டர் சுகர் என்று பேக்கரிக்காரர் கேட்பது பொடியாக அரைத்த சர்க்கரை. மேலே தூவுகிற துளைமூடி டப்பாவுக்குக் கேஸ்டர் என்று பெயர். அதில் போடத் தகுந்த சர்க்கரை என்பதால் அந்தப் பேர் வந்தது. விளக்கெண்ணெய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ரெய்சின் உலர்திராட்சை, 0806. ரெசின் பிசின், 1301. குங்கிலியம், பெருங்காயம் எல்லாம் பிசின் வகையில் சேரும். திராட்சையில் 'ஏ', 'ஐ' என்று இரண்டு எழுத்து சேர்ந்து வருகிறது. பிசினில் அந்த இடத்தில் வெறும் 'இ'. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. க்ளோவ் என்றால் கிராம்பு, 0907. ஆனால் பூண்டின் ஒரு பல்லுக்கும் க்ளோவ் என்றுதான் பேர். பொட்டலத்தின் மேல் 'கார்லிக் க்ளோவ்' என்று பார்த்துவிட்டு அதில் கிராம்பு கலந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கிராம் என்ற சொல்லில் எழுத்து வித்தியாசம்கூட இல்லை. எடைக்கும் கிராம், பயறுக்கும் கிராம். எடைக் கிராம் கிரேக்கத்திலிருந்து வந்தது. பயறுக் கிராம் போர்ச்சுக்கீசியர் தானியத்துக்குச் சொன்ன சொல். பெங்கால் கிராம் கொண்டைக்கடலை, பிளாக் கிராம் உளுந்து, கிரீன் கிராம் பாசிப்பயறு, ரெட் கிராம் துவரை, ஹார்ஸ் கிராம் கொள்ளு. வெறும் 'கிராம் ஃப்ளோர்' என்று இருந்தால் கடலை மாவு. எடைக் கிராமைப் பொட்டலத்தில் எழுதும்போது எடையளவுச் சட்ட விதிப்படி 'ஜி' என்ற ஒரே சிறிய எழுத்துதான் சரியான குறியீடு. ஜி.எம். என்றும் ஜி.எம்.எஸ். என்றும் அச்சடித்துவிட்டு, அது என்ன பெரிய தப்பா என்று கேட்கிறவர்கள் உண்டு. சோதனைக்கு வருகிறவர் கேட்பதற்கு முன் கவரை மாற்றிவிடுவது லாபம்.

எடை என்று வந்துவிட்டதால் இன்னும் இரண்டு. டன் என்பது மூன்று உண்டு. நாம் சொல்வது மெட்ரிக் டன், 1,000 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, ஏறக்குறைய 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, ஏறக்குறைய 907 கிலோ. ஆங்கிலத்தில் மெட்ரிக் டன்னுக்கு இரண்டு 'என்' போட்டுக் கடைசியில் ஒரு 'இ' சேர்ப்பார்கள். வெளிநாட்டுப் பருப்பு வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் இந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து டன்னுக்கு அமெரிக்கக் கணக்கில் 930 கிலோ போல் குறையும். 50 கிலோ மூட்டையில் பதினெட்டுக்கு மேல்.

கேண்டி என்றால் பையன்கள் மிட்டாய் என்பார்கள். அது கற்கண்டில் இருக்கிற கண்டுக்கு உறவான சொல். பஞ்சு வியாபாரிகள் இன்றும் விலை சொல்கிற கேண்டி வேறு. அது ஓர் எடை, 356 கிலோ. மராட்டியத்தில் கண்டி என்பார்கள். நம் பக்கத்தில் 20 மணங்கு கொண்ட பாரம் என்று பெரியவர்கள் சொன்ன அளவும் ஆங்கிலத்தில் கேண்டி என்றே எழுதப்பட்டது.

வெறும் வண்டி எடை, வெறும் சாக்கு எடை இவற்றுக்கு டேர் என்று பெயர். கிழிசலுக்கும் டேர். எடைச் சீட்டில் இருப்பது முன்னது. அரபியில் 'தள்ளிவிடுவது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. நாம் கழிவு என்று சொல்வதும் அதே கருத்துதான்.

சரக்கை விட்டு ஆட்களுக்கு வருவோம். கன்சைனர், கன்சைனீ, லெஸ்ஸர், லெஸ்ஸீ, டிராயர், டிராயீ. இவற்றில் பாதி ஓசை ஒன்றாக இருக்கிறது. வால் மட்டும் வேறு. 'அர்' என்று முடிந்தால் அந்தக் காரியத்தைச் செய்கிறவர். 'ஈ' என்று முடிந்தால் அந்தக் காரியம் யாரை நோக்கிச் செய்யப்படுகிறதோ அவர். சரக்கை அனுப்புகிறவர் கன்சைனர், பெறுகிறவர் கன்சைனீ. கட்டடத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் லெஸ்ஸர், குத்தகைக்கு எடுத்தவர் லெஸ்ஸீ. கடை வாடகைப் பத்திரத்தில் பெயின்ட் அடிப்பது, கூரை பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்த வாலைப் பார்த்துப் படியுங்கள்.

கன்சைனர் யார், கன்சைனீ யார் என்பது லாரி ரசீதில் மாறிப் போனால் கூலி யார் கட்டுவது என்ற தகராறு வரும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் சரக்குப் போனால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி நின்று, 129-ஆம் பிரிவில் நடவடிக்கை வந்தால், சரக்குக்கு உரியவர் முன்வந்து கட்டும்போது 2022 ஜனவரி முதல் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். யாரும் முன்வராவிட்டால் சரக்கின் மதிப்பில் பாதி அல்லது வரியைப்போல் இரு மடங்கு, இதில் எது அதிகமோ அது. உரியவர் யார் என்ற கேள்விக்கு, பில் கூடவே இருந்தால் கன்சைனர் அல்லது கன்சைனீயை உரியவராகக் கொள்ளலாம் என்று 2018 டிசம்பர் 31-இல் வாரியம் சொல்லியிருக்கிறது. சீட்டில் அந்த இரண்டு கட்டத்திலும் சரியான பேர் இருந்தால்தான் அந்தச் சலுகை நமக்கு உதவும்.

பிரின்சிபல் என்பதையும் சொல்லிவிடுவோம். 'ஏ-எல்' என்று முடிந்தால் பள்ளித் தலைமை, கடனில் அசல், கமிஷன் மண்டியில் சரக்கை நம்மிடம் விற்கக் கொடுத்தவர் என்று மூன்று பொருள். 'எல்-இ' என்று முடிந்தால் கொள்கை. வங்கிக் கடிதத்தில் கொள்கைக்கு இடமில்லை; அங்கே வருவதெல்லாம் அசல்தான்.

கடைசியாக டிராயர். செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் டிராயர். பணம் தர வேண்டிய வங்கி டிராயீ. யார் பேருக்குச் செக்கோ அவர் பேயீ. பணம் இல்லாமல் திரும்பி வரும் செக்கோடு வங்கி வைக்கிற மெமோவில் சில சமயம் 'ரெஃபர் டு டிராயர்' என்று இருக்கும். மேஜை டிராயரைப் பார்க்கச் சொல்லவில்லை. கொடுத்தவரையே போய்க் கேள் என்று பொருள். இதைப் படித்துவிட்டு, வங்கியில் ஏதோ நடைமுறைத் தாமதம், இரண்டு மாதம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம் என்று மெமோவைக் கல்லாவில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். செக்குக்கு ஆயுளே 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் டிராயருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே மெமோ வந்த அன்றே அதன் மேல் தேதியை எழுதி வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் ரசீதை அந்தச் செக்கோடும் மெமோவோடும் ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.